இரண்டு பஸ் தூரம் தள்ளி நில்லுங்க!
எல்க் மான்களும் போட்டோ மோகமும் - ஓர் அலசல்

செப்டம்பர் மாதம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் குட்டீஸ்? காலாண்டுத் தேர்வுதானே! அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் எஸ்டஸ் பார்க் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டால், 'எல்க் மான் கத்துற மாசம்' என்று சொல்வார்கள்.

ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் வாசலில் இருக்கிறது அந்த ஊர். செப்டம்பர் தொடங்கி அக்டோபர் பாதி வரைக்கும், பொழுது சாயும் நேரத்தில் எல்க் மான்கள் காட்டை விட்டுப் புல்வெளிகளுக்கு வருகின்றன. அவற்றைப் பார்க்க மனிதர்களும் வருகிறார்கள். ரோட்டோரம் வரிசையாகக் கார்கள் நிற்கும். ஆளுக்கொரு கேமரா, இல்லாவிட்டால் செல்போன்! இந்தப் பூங்காவுக்கு மட்டும் ஆண்டுக்கு 40 லட்சம் பேருக்கு மேல் வந்து போகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மானைப் படம் பிடிப்பது நல்ல பழக்கம்தானே, இதில் என்ன பிரச்னை என்று கேட்கிறீர்களா? பிரச்னை இருக்கிறது. படம் எடுக்கப் போனவரை மான் முட்டியது, அதற்காக அந்த மானே கொல்லப்பட்டது என்றுகூடச் செய்தி வந்திருக்கிறது. இதில் தப்பு யாருடையது? மானுடையதா, மனிதனுடையதா? வாருங்கள், கொஞ்சம் அலசிப் பார்ப்போம்.

யார் இந்த எல்க்?

மான் குடும்பத்தில் மிகப் பெரிய உருவம் உள்ள வகைகளில் ஒன்று எல்க். வட அமெரிக்காவிலும், ஆசியாவின் சில பகுதிகளிலும் வாழ்கிறது. 'வாப்பிட்டி' என்று இன்னொரு பெயரும் உண்டு. அமெரிக்கப் பழங்குடி மக்களின் மொழியில் இதற்கு 'வெள்ளைப் பின்புறம்' என்று அர்த்தம். மானின் வாலைச் சுற்றி வெளிறிய நிறத்தில் திட்டு இருப்பதால் இந்தப் பெயர்.

நன்றாக வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். தோள் உயரம் மட்டும் ஒன்றரை மீட்டர்! தலையில் கிளை கிளையாகக் கொம்பு. ஒரு ஜோடிக் கொம்பின் எடை 18 கிலோ வரை போகும். அதாவது, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் உங்கள் தம்பியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிவது மாதிரி!

மாட்டின் கொம்பு போல இது வாழ்நாள் முழுதும் தலையில் நிற்பதில்லை. குளிர்காலம் முடியும்போது தானாக விழுந்துவிடும். உடனே புதிய கொம்பு முளைக்க ஆரம்பிக்கும். கோடைக்காலத்தில் ஒரே நாளில் 2.5 செ.மீ. வரைகூட வளரும். வளரும்போது அதன்மேல் வெல்வெட் துணி போல மெல்லிய தோல் மூடியிருக்கும். கோடை முடியும்போது மரத்தில் தேய்த்துத் தேய்த்து அந்தத் தோலை உரித்துவிடும். அப்புறம் என்ன... சண்டைக்கு ஆயுதம் ரெடி!

எக்காளம் ஊதும் மான்

இலையுதிர்காலம் எல்க் மான்களுக்குத் துணை தேடும் காலம். ஒவ்வொரு பெரிய ஆண் மானும் பெண் மான்களைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு காவல் காக்கும். வேறு ஆண் மான் கிட்டே வந்தால் விரட்டும். விரட்டியும் போகாவிட்டால் கொம்போடு கொம்பு மோதும்.

அப்போது ஆண் மான் எழுப்பும் சத்தம் விசித்திரமானது. அடித்தொண்டையில் தொடங்கி, மெல்ல மெல்ல ஏறி, விசில் போலக் கீச்சென்று உச்சிக்குப் போய், கடைசியில் உறுமலாக முடியும். எக்காளம் ஊதுவது போல இருப்பதால் அந்த ஊர்க்காரர்களும் அதை எக்காளம் என்றே சொல்கிறார்கள். 'நான் எவ்வளவு பலசாலி பார்' என்று பெண் மான்களுக்குச் சொல்வதும் இந்தக் குரல்தான். 'கிட்டே வராதே' என்று எதிரிகளை மிரட்டுவதும் இதே குரல்தான்.

அதிகாலைக் குளிர், தரையில் பனி மூட்டம், நடுவே தலையைப் பின்னால் சாய்த்து எக்காளம் ஊதும் மான், அதன் வாயிலிருந்து புகை போலக் கிளம்பும் மூச்சுக்காற்று... இந்தக் காட்சியைப் படம் எடுக்கத்தான் அத்தனை போட்டி!

ஆனால் அந்த மானின் நிலைமையையும் யோசித்துப் பாருங்கள். இந்தச் சில வாரங்கள் அது சரியாக மேய்வதே இல்லை. ஓடுவதும் துரத்துவதும் சண்டை போடுவதுமாகவே பொழுது போகிறது. கடைசியில் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும். அடுத்து வருவதோ கடும் குளிர்காலம். புல்லெல்லாம் பனிக்கு அடியில் போய்விடும். சேமித்த கொழுப்பை வைத்துத்தான் அது உயிர் பிழைக்க வேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில் மனிதர்கள் நெருங்கி வந்து அதைத் தேவையில்லாமல் ஒருமுறை ஓட வைத்தாலும், அது மானின் சேமிப்பிலிருந்து எடுத்த செலவுதான்.

2013ல் நடந்தது என்ன?

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா இருக்கிறது. அதற்குள் வட கரோலினா மாநிலப் பக்கத்தில் கட்டலூச்சி என்று ஒரு பள்ளத்தாக்கு. ஒரு காலத்தில் அங்கெல்லாம் எல்க் மான்கள் நிறைய இருந்தன. வேட்டையாடியும் காட்டை அழித்தும், 1700களின் இறுதிக்குள் வட கரோலினாவில் ஒன்றுகூட இல்லாமல் செய்துவிட்டார்கள். சுமார் 200 ஆண்டுகள் கழித்து, 2001ல் 25 மான்களையும், 2002ல் 27 மான்களையும் வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இன்று அவை 200க்கும் மேல் பெருகிவிட்டன. நல்ல சேதிதான்.

2013 அக்டோபர் மாதம். அங்கே ஒரு புகைப்படக்காரர் ரோட்டோரம் தரையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். இளம் ஆண் எல்க் ஒன்று அவர் அருகில் வந்தது. கேமராவை முகர்ந்தது. அப்புறம் கொம்பால் அவர் தலையில் முட்ட ஆரம்பித்தது. அவர் எழுந்து ஓடவில்லை. ஓடினால் இன்னும் மோசமாகத் தாக்குமோ என்று தலையைக் குனிந்தபடியே இருந்தார். மான் விடாமல் முட்டியது. இதையெல்லாம் பக்கத்திலிருந்த இன்னொருவர் வீடியோ எடுத்து, இணையத்தில் போட்டார். உலகம் முழுதும் லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள்.

புகைப்படக்காரருக்குப் பெரிய காயம் இல்லை. ஆனால் அடுத்த மாதமே பூங்கா அதிகாரிகள் அந்த மானைக் கொன்றுவிட்டார்கள்.

தப்பு யாருடையது?

சேதி கேட்டதும் பலருக்குக் கோபம் வந்தது. 'அவர் எழுந்து போயிருந்தால் மான் பிழைத்திருக்குமே' என்று புகைப்படக்காரரைத் திட்டினார்கள். அவரும் மான் இறந்ததற்கு மிகவும் வருந்தினார்.

ஆனால் அதிகாரிகள் சொன்ன காரணம் வேறு. அந்த ஒரு சம்பவத்துக்காக மட்டும் மானைக் கொல்லவில்லை. அதற்கு முன்பே பூங்காவுக்கு வந்தவர்கள் அதற்குத் தின்பண்டம் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். அதனால் அது மனிதர்களைத் தேடித் தேடி வர ஆரம்பித்தது. விரட்டிப் பார்த்தும் பலன் இல்லை.

மனிதன் என்றால் பயப்படாத இளம் ஆண் மான் அது. ஆண்டுக்கு ஆண்டு அதன் கொம்பும் உடம்பும் பெரிதாகும். இன்று விளையாட்டாக முட்டியது, இரண்டு ஆண்டு கழித்து முட்டினால் ஆள் பிழைப்பாரா? வேறு காட்டில் கொண்டுபோய் விட்டாலும் அங்கேயும் மனிதர்களைத் தேடித்தானே வரும்?

'கொம்பை மட்டும் வெட்டிவிடலாமே' என்று ஒரு சுட்டி கேட்பது காதில் விழுகிறது. அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள்! யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மாமத் என்ற இடத்தில், '6ம் நம்பர்' என்று பெயர் பெற்ற ஒரு பெரிய ஆண் எல்க் இருந்தது. துணை தேடும் காலம் வந்தால் கார்களை எல்லாம் குத்திக் கிழிக்கும். அதற்கு மயக்க மருந்து கொடுத்துக் கொம்பை அறுத்தார்கள். ஆனால் என்ன பயன்? அடுத்த ஆண்டு புதுக்கொம்பு முளைத்துவிடுமே!

ஆக, கட்டலூச்சி மானைக் கெடுத்தது ஒரே ஒருவர் இல்லை. 'நான் ஒருத்தன் ஒரு பிஸ்கட் கொடுத்தால் என்ன ஆகிவிடும்', 'நான் ஒருத்தி இன்னும் ரெண்டடி கிட்டே போனால் என்ன' என்று நினைத்த பல பேர். அவர்களில் யாருக்கும் தண்டனை இல்லை. எல்லாருடைய தப்புக்கும் சேர்த்து மான் தண்டனை அனுபவித்தது.

பயம் போனால் ஆபத்து

காட்டு விலங்கு மனிதனைக் கண்டு பயப்படுவது அதற்கு ஒரு கவசம் மாதிரி. அந்தக் கவசம் போனால் என்ன ஆகும் என்பதற்கு எஸ்டஸ் பார்க்கிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சாம்சன் என்ற மாபெரும் எல்க் அங்கே இருந்தது. ஊருக்கே செல்லப்பிள்ளை. மனிதர்கள் பக்கத்தில் போனாலும் ஓடாது. எத்தனையோ பேர் அதைப் படம் எடுத்தார்கள். 1995 நவம்பரில், கள்ள வேட்டைக்காரன் ஒருவன் அம்பு எய்யும் கருவியால் அதைக் கொன்றுவிட்டான். கேமராவோடு வருகிறவன் யார், ஆயுதத்தோடு வருகிறவன் யார் என்று பாவம், அதற்கு எப்படித் தெரியும்?

ஊரே கொந்தளித்தது. பெரிய கொம்புள்ள விலங்குகளைத் திருட்டுத்தனமாகக் கொன்றால் கூடுதல் அபராதம் என்று 1998ல் கொலராடோவில் சட்டம் வந்தது. அதன் பெயரே 'சாம்சன் சட்டம்'! எல்க் என்றால் 10,000 டாலர். சாம்சனுக்கு அந்த ஊரில் வெண்கலச் சிலையும் வைத்திருக்கிறார்கள்.

பயம் போவது மனிதர்களுக்கும் ஆபத்துதான். 2023 அக்டோபரில் அரிசோனா மாநிலத்தில், ஒரு பெண்மணி தன் வீட்டுப் பின்பக்கத்தில் எல்க் தாக்கிப் படுகாயம் அடைந்து, சில நாட்களில் இறந்துபோனார். அந்த மாநிலத்தில் எல்க் தாக்கி ஒருவர் இறந்தது அதுவே முதல் முறை என்று நம்பப்படுகிறது. அந்த இடத்தில் மக்காச்சோளம் சிந்திய வாளி ஒன்று கிடந்தது. காட்டு விலங்குகளுக்குத் தீனி வைக்காதீர்கள் என்று அதிகாரிகள் மறுபடியும் எச்சரித்தார்கள்.

'கொம்புள்ள ஆண் மானிடம்தானே ஜாக்கிரதையாக இருக்கணும்' என்று நினைக்காதீர்கள். எஸ்டஸ் பார்க்கில் 2024 மே, ஜூன் மாதங்களில், ஒரே வாரத்துக்குள் 8 வயதுச் சிறுமியையும் 4 வயதுச் சிறுவனையும் எல்க் மான்கள் தாக்கின. நல்ல வேளையாக இருவரும் பிழைத்தார்கள். தாக்கியவை பெண் மான்கள். அது குட்டி போடும் காலம். குட்டி பக்கத்தில் எங்கேயாவது படுத்திருந்தால் தாய் யாரையும் விடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் எல்க் மானிடமிருந்து குறைந்தது 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். குழந்தைகளுக்கும் புரியும்படி 'இரண்டு பஸ் நீளம்' என்று சொல்கிறார்கள். யெல்லோஸ்டோனிலும் இதே 23 மீட்டர்தான். கிரேட் ஸ்மோக்கி மலையில் 46 மீட்டர். மீறினால் அபராதம் உண்டு, ஜெயிலுக்கும் போக நேரலாம்.

23 மீட்டர் என்பது நிறைய தூரம் மாதிரித் தோன்றுகிறதா? ஒரு கணக்குப் போடுவோம். எல்க் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடக்கூடியது. அப்படியென்றால் ஒரு விநாடிக்குச் சுமார் 17 மீட்டர். உங்களிடம் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு விநாடிகூட ஆகாது!

ராக்கி மலைப் பூங்காவில் இன்னும் சில கட்டுப்பாடுகள் உண்டு. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மாலை முதல் மறுநாள் காலை வரை, மான்கள் கூடும் முக்கியமான புல்வெளிகளுக்குள் யாரும் இறங்கக்கூடாது. ரோட்டிலோ பாதையிலோ நின்றுதான் பார்க்க வேண்டும். இருட்டில் டார்ச் அடித்துத் தேடக்கூடாது. மான் போலக் குரல் கொடுக்கவும் கூடாது. ஏன் தெரியுமா? அந்தக் குரலைக் கேட்டு, எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து மான் வீணாகப் பதறும், ஓடும். மேலே சொன்ன சேமிப்புக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்!

இதையெல்லாம் மக்களுக்குச் சொல்ல, அங்கே தொண்டர் படையே இருக்கிறது. 'எல்க் எக்காளப் படை' என்று அதற்குப் பெயர். சம்பளம் வாங்காமல், ரோட்டோரம் நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறார்கள்.

போட்டோவே கூடாதா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. எல்க் மான் எப்படி இருக்கும், அது ஏன் வாழ வேண்டும் என்று கோடிக்கணக்கான பேருக்குக் காட்டியவை படங்கள்தான். ஒரு காலத்தில் வட அமெரிக்காவில் சுமார் ஒரு கோடி எல்க் மான்கள் இருந்தனவாம். 1900ம் ஆண்டு வாக்கில் ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டன. பாதுகாத்ததால் இன்று சுமார் பத்து லட்சம். மக்களுக்கு மான் மீது பாசம் இல்லாவிட்டால் அரசாங்கம் மட்டும் இதைச் செய்திருக்க முடியாது.

2025 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு புதிய சட்டம் வந்திருக்கிறது. பொதுமக்கள் போகக்கூடிய இடங்களில், ஐந்து பேர் வரை உள்ள குழு தேசியப் பூங்காவில் படம் எடுக்க இனித் தனி அனுமதியோ கட்டணமோ பெரும்பாலும் தேவையில்லை. தொழிலுக்காக எடுத்தாலும் சரி. ஆனால், பூங்காவின் மற்ற விதிகள் எதுவும் மாறவில்லை. விலங்குகளிடமிருந்து தள்ளி நிற்கும் விதியும் அப்படியே இருக்கிறது. கேள்வி கேட்க அதிகாரி பக்கத்தில் இல்லாதபோது, சரியாக நடந்துகொள்வது கேமரா வைத்திருப்பவரின் பொறுப்பு.

அனுபவமுள்ள புகைப்படக்காரர்கள் கிட்டே போவதே இல்லை. தூரத்திலிருந்து பெரிதாக்கிக் காட்டும் டெலி லென்ஸ் வைத்திருப்பார்கள். காரை நிறுத்த அனுமதி உள்ள இடத்தில் நிறுத்தி, உள்ளே இருந்தபடியே எடுப்பார்கள். அந்த லென்ஸ் இல்லாதவர்கள் மலை, மரம், பனியோடு சேர்த்து மானைச் சின்னதாக எடுக்கலாம். அந்தப் படத்தில்தான் மானின் வீடும் தெரியும்!

மான் மேய்வதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி உங்களையே பார்க்கிறதா? காதைப் பின்னால் மடக்குகிறதா? கொம்பால் புதரைப் போட்டு அடிக்கிறதா? படம் எடுத்தது போதும், பின்னால் போங்கள் என்று அர்த்தம். சில சமயம் துணை தேடும் மும்முரத்தில் மனிதர்களைக் கவனிக்காமலே அது நிற்கும். உடனே, 'பாருங்க, எவ்வளவு சாது' என்று சிலர் நெருங்கிவிடுகிறார்கள். அதற்கு உங்களைப் பிடித்துவிட்டது என்று பொருள் இல்லை குட்டீஸ். அப்போது அதன் கவனம் வேறு இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

கட்டை விரல் கணக்கு

மீட்டர் டேப் இல்லாமல் தூரத்தை எப்படி அளப்பது? அமெரிக்கப் பூங்காக்களில் சொல்லித்தரும் ஒரு சுலபமான வழி இருக்கிறது. கையை முழுதாக நீட்டுங்கள். கட்டை விரலை உயர்த்துங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு விரலால் மானை மறைத்துப் பாருங்கள். மான் முழுதும் மறைந்துவிட்டால் நீங்கள் போதுமான தூரத்தில் இருக்கிறீர்கள். தலையோ வாலோ வெளியே தெரிந்தால் இன்னும் பின்னால் போக வேண்டும்.

எல்க் அளவுள்ள விலங்கு விரலுக்குப் பின்னால் மறைய வேண்டுமானால், சுமார் 70 மீட்டர் தள்ளி நிற்க வேண்டியிருக்கும். சட்டம் சொல்லும் தூரத்தைவிட இது அதிகம். அதிகமாக இருந்தால் நல்லதுதானே! நாளைக்கு உங்கள் தெருவில் படுத்திருக்கும் மாட்டை வைத்து இந்தக் கணக்கைச் சோதித்துப் பாருங்கள். எத்தனை அடி பின்னால் போனால் மாடு மறைகிறது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். இரண்டு பஸ் தூரம் எவ்வளவு குறைவு என்று அப்போது தெரியும்.

தெரியுமா?

* ஐரோப்பாவில் 'எல்க்' என்றால் வேறு மான். அமெரிக்கர்கள் 'மூஸ்' என்று சொல்லும் பெரிய மானைத்தான் அங்கே எல்க் என்கிறார்கள்.

* ஊட்டியில் 'எல்க் ஹில்' என்று ஒரு குன்று உண்டு. ஆனால் அங்கே எல்க் கிடையாது! அந்தக் காலத்து ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் நீலகிரியிலும் இலங்கையிலும் நம் கடமானையே எல்க் என்று அழைத்தார்கள்.

* எல்க் மானின் நெருங்கிய உறவினர் நம் நாட்டிலும் இருக்கிறது. அதுதான் காஷ்மீரின் 'ஹங்குல்' மான். அதுவும் இலையுதிர்காலத்தில்தான் குரல் கொடுத்துத் துணை தேடும்.

* இலையுதிர்காலத்தில் துணை சேரும் எல்க், சுமார் எட்டு மாதம் கழித்து, புல் செழித்திருக்கும் மே, ஜூன் மாதங்களில் குட்டி போடும்.